ரயில்லயோ பஸ்லயோ குண்டு வெடிச்சா, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என்ன பண்றது?

2006 ஜூலை 11 சாயங்காலம் மும்பை லோக்கல் ரயில்கள்ல 11 நிமிஷத்துக்குள்ள ஏழு குண்டு வெடிச்சுது, அப்போ பெட்ஷீட்டை ஸ்ட்ரெச்சராக்கி அடிபட்டவங்களைத் தூக்கிட்டு ஓடினது தண்டவாளத்து ஓரத்துல குடியிருந்த ஜனங்கதான். லண்டன்ல 2005 ஜூலை 7 பஸ் வெடிச்சது டாக்டர்கள் சங்கத்து வாசல்ல, உள்ள இருந்த டாக்டர்களே இறங்கி வந்துட்டாங்க, ஆனா அப்படி எல்லாருக்கும் அமையாது. முதல் கொஞ்ச நேரத்துக்கு பக்கத்து சீட்காரர்தான் டாக்டர், இல்ல நீங்கதான்.

வெடிச்ச உடனே காது அடைச்சுடும், நீங்க கத்தறது அடுத்தவருக்கும் கேக்காது, அதனால கையைக் காட்டிப் பேசுங்க. முதல்ல உங்க உடம்பைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் தடவிப் பாருங்க, அந்தப் பதட்டத்துல பெரிய காயம்கூட வலிக்காது. புகை இருந்தா மூக்கைத் துணியால மூடிக்கிட்டு குனிஞ்சு போங்க.

சுரங்கத்துல ரயில் ஓடிட்டிருந்தா செயினை இழுக்காதீங்க. 2017ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மெட்ரோல வெடிச்சப்போ டிரைவர் நடுவுல நிறுத்தாம அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டாரு, அதனாலதான் ஆளுங்களை வெளிய எடுக்கறது சுலபமாச்சு. ரயில் நின்னுட்டாலும், தீயோ புகையோ துரத்தினா ஒழிய கீழ குதிக்க வேண்டாம், பல மெட்ரோக்கள்ல தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே 750 வோல்ட் ஓடுது, கரன்ட் கட் பண்ணியாச்சுன்னு ஊழியர் சொல்லட்டும்.

இப்போ ரத்தம், இதுதான் முக்கியம். கத்தறவரை விட சத்தமே இல்லாம கிடக்கறவரை முதல்ல பாருங்க, கத்தறாருன்னா மூச்சு இருக்கு. ரத்தம் கொட்டற இடத்துல துணியை வெச்சு உங்க முழு பாரத்தையும் போட்டு அழுத்துங்க, நின்னுச்சான்னு எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, நனைஞ்சா மேலயே இன்னொரு துணி. கை காலா இருந்து அழுத்தியும் நிக்கலைன்னா, காயத்துலேர்ந்து உடம்புப் பக்கமா அஞ்சாறு சென்டிமீட்டர் தள்ளி, மூட்டு மேல படாம, அகலமான துணியைக் கட்டி அதுல ஒரு கெட்டியான குச்சியை சொருகி ரத்தம் நிக்கற வரைக்கும் முறுக்குங்க. பயங்கரமா வலிக்கும், அவர் திட்டுவாரு, திட்டட்டும். கட்டின நேரத்தை எழுதி வைங்க, பாவம்னு தளர்த்திடாதீங்க. குத்தி நிக்கற கண்ணாடி, இரும்பு எதையும் பிடுங்கக் கூடாது, அதைச் சுத்தி அழுத்தணும்.

வெளிய வந்துட்டா பைக்காக திரும்பப் போகாதீங்க, இன்னொரு குண்டு இருக்கலாம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல வேற ஸ்டேஷன்ல ஒண்ணு வெடிக்காம கிடைச்சுது. ஸ்பெயின்ல மாட்ரிட்ல 2004 மார்ச் 11 ரயில் குண்டுவெடிப்புக்கு அப்புறம் பயணிங்க உடைமையோட சேர்த்து போலீஸ் எடுத்துட்டுப் போன ஒரு பைக்குள்ளயே வெடிக்காத குண்டு இருந்துச்சு, கேஸுல பெரிய துப்பும் அதுதான். அனாதையா பை கிடந்தா தொடாம தள்ளிப் போய் போலீஸ்ட்ட சொல்லுங்க.

நெட்வொர்க் திணறும், கால் பண்ணி பண்ணி பாக்காம வீட்டுக்கு ஒரே ஒரு எஸ்எம்எஸ் தட்டி விடுங்க. நீங்க எடுத்த வீடியோ போலீஸுக்கு வேணும், வாட்ஸ்அப் குரூப்புக்கு வேண்டாம், செத்தவங்க முகத்தை வீட்டுக்காரங்க போன்ல பாக்கற கொடுமை தேவையா? யார் பண்ணாங்கன்னும் அவசரப்பட்டு ஃபார்வர்டு பண்ணாதீங்க. லண்டன்ல முதல்ல மின்சாரக் கோளாறுன்னாங்க, மாட்ரிட்ல அரசாங்கமே இ.டி.ஏ.ங்கற பாஸ்க் பிரிவினைவாத அமைப்புதான்னு சொல்லுச்சு, ரெண்டும் தப்பு.

எனக்கு ஒண்ணும் ஆகலன்னு நேரா வீட்டுக்குப் போறவங்கதான் நிறைய, அது தப்பு. மூடின பெட்டிக்குள்ள வெடி அழுத்தம் சுவர்ல பட்டுப் பட்டுத் திரும்பும், வெளிய கீறல்கூட இல்லாம காது ஜவ்வு, நுரையீரல், குடல் அடிபட்டிருக்கலாம். அன்னிக்கே டாக்டர்ட்ட காட்டுங்க, காதுல தண்ணியோ மருந்தோ நீங்களா ஊத்தாதீங்க. அடுத்த ரெண்டு நாள்ல மூச்சு வாங்கினாலோ, இருமல்ல ரத்தம் வந்தாலோ, வயிறு வலிச்சாலோ எமர்ஜென்சிக்கு ஓடுங்க, குண்டு வெடிச்சப்போ பக்கத்துல இருந்தேன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க.

அப்புறம் தூக்கம் வராது, கதவு சாத்தினாக்கூட தூக்கிப் போடும், சில வாரத்துக்கு இது சகஜம்தான். ஒரு மாசம் தாண்டியும் விடலைன்னா மனநல டாக்டரைப் பாருங்க. திரும்ப ரயில் ஏற பயமா இருந்தா கூட்டம் இல்லாத நேரமா பாத்து, கூட ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு, ஒரே ஒரு ஸ்டேஷன் போய் இறங்கிடுங்க, அடுத்த தடவை ரெண்டு.