செஸ் ஒலிம்பியாட் தொடங்கிய நாளில்

2022 ஜூலை 28, சென்னையில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பள்ளிக்கு விடுமுறை, நான் பத்தாம் வகுப்பு. உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு நாள் வந்தால் தயவுசெய்து தூங்கிக் கழிக்காதீர்கள்.

வெயில் ஏறுவதற்குள் வெளியே கிளம்புங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாறியிருந்த நேப்பியர் பாலத்துக்கு நான் அப்பாவோடு போனேன். நடைபாதையில் நின்றே பாருங்கள். விழா மாலையில், நேரு உள்விளையாட்டரங்கில். நெரிசலுக்கு முன் வீடு திரும்பிவிடுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. ஒரு நோட்டில் அணிகளை எழுதுங்கள். ஓர் அணிக்கு ஐந்து பேர், ஒரு சுற்றில் நால்வர் ஆடுவார்கள். போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்குக் கூடுதல் அணிகள். குகேஷ், பிரக்ஞானந்தா இருவரும் இரண்டாவது அணியில். இருவருக்கும் வயது பதினாறுதான்! அந்தப் பெயர்களை நான் சிவப்பு மையில் எழுதினேன்.

டிவியில் அணிவகுப்பு வரும்போது ஒவ்வொரு நாட்டுக்கும் குறி போடுங்கள். 180-க்கும் மேல் இருக்கும், பக்கங்கள் விட்டு வையுங்கள். நோட்டை மூடிவிடாதீர்கள்: மறுநாள் மாமல்லபுரத்தில் முதல் சுற்று, முடிவுகளை அதிலேயே எழுதலாம்.