தண்ணீர்ப் படிப்பா? பெயரைப் பார்த்துச் சேராதீர்கள்

பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை "தண்ணீர் பற்றிப் படிக்கணும்" என்று சொன்னால் எனக்கு மனசு நிறைந்துவிடும். ஆனால் சேரும்போது செய்கிற சில தவறுகளால் காசும் போய், வேலையும் தள்ளிப்போகிறது.

பெரிய தவறு, படிப்பின் பெயரில் 'நீர்' இருக்கிறதா என்று தேடுவது. இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் பழைய பட்டங்களைத்தான் கேட்கிறார்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் விஞ்ஞானி ஆக, யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வை எழுத வேண்டும். அதில் நீர்நிலவியல், அதாவது நிலத்தடி நீரை ஆராயும் பணிக்கு, ஜியாலஜி (நிலவியல்) எம்.எஸ்சி. போதும், வேதியியல் படித்தவர்களுக்கும் தனிப் பணியிடம் உண்டு. தமிழக நீர்வளத் துறையிலோ குடிநீர் வடிகால் வாரியத்திலோ உதவிப் பொறியாளர் ஆக நினைத்தால் சிவில் இன்ஜினியரிங் படிப்பதுதான் நேர்வழி. 'வாட்டர் சயின்ஸ்' போன்ற புதுப் பெயரில் பட்டம் வாங்கினால், அது கேட்ட பட்டத்துக்கு இணையானதா என்ற கேள்வி விண்ணப்பிக்கும்போதுதான் கிளம்பும். இணை என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். கல்லூரிக்காரர் வாய்ச்சொல் போதாது.

அடுத்தது, அரசுக் கல்லூரியை மட்டமாக நினைப்பது. சென்னை மாநிலக் கல்லூரியில் ஜியாலஜி இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரியின் வருடக் கட்டணம், பல தனியார் கல்லூரிகள் வாங்கும் பஸ் கட்டணத்தைவிடக் குறைவு. திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி போன்ற இடங்களிலும் ஜியாலஜி படிக்கலாம். அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும், கட்டணம் பல மடங்கு மாறும். எந்தப் பிரிவில் சீட் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சிவில் பக்கம் போகிறவர்கள் கவுன்சலிங்குக்கு முன்பே அவசரப்பட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிடுகிறார்கள். அப்படிச் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடைக்காது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதை விட்டுவிட்டுக் கடன் வாங்கும் குடும்பங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அப்புறம் மேற்படிப்பு. நீர்வளப் பொறியியலில் எம்.இ., எம்.டெக். படிக்க நினைப்பவர்கள், பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் (GATE) தேர்வை ஒருமுறையாவது எழுதாமல் பணம் கட்டிச் சேரக் கூடாது. கேட் தகுதியோடு, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ அங்கீகரித்த இடத்தில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம் இதற்கென்றே இருக்கும் இடம். முதலில் அங்கே முயலுங்கள்.

கடைசியாக, கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் துறைக்குள் போய்ப் பாருங்கள். நிலத்தின் மின்தடையை அளந்து தண்ணீர் தேடும் கருவி வேலை செய்கிறதா? வருடத்துக்கு எத்தனை நாள் களப்பயணம்? மாணவர்களே கிணற்றில் நீர்மட்டம் அளந்து, மோட்டார் ஓட்டி, ஊறும் வேகத்தைக் குறித்திருக்கிறார்களா? ஆசிரியரைவிட மூன்றாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். அவருடைய களக்குறிப்பு நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள்.