யாரும் சுடாமலே விழுந்த விமானங்கள்: போர்க்கால விபத்துகளை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்க்காலத்தில் ஒரு விமானம் விழுந்தது என்றதும் "யார் சுட்டது?" என்றுதான் கேட்கத் தோன்றும். பாதித் தவறு அந்தக் கேள்வியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் உயிரோடு திரும்பவில்லை. அந்தக் கணக்கில் 8,000க்கும் மேற்பட்டவர்கள் பயிற்சியிலும் விபத்திலும் இறந்தவர்கள். பலர் விழுந்தது சொந்தத் தளத்துக்குப் பக்கத்து வயலில்.

வடமேற்கு இங்கிலாந்தில் லங்காஷயர் மாவட்டத்தில் ஃப்ரெக்கிள்டன் என்று ஒரு கிராமம். 1944 ஆகஸ்ட் 23, புதன்கிழமை காலை, அமெரிக்க விமானப்படையின் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று அங்கே விழுந்தது. மூன்று வீடுகள் நொறுங்கின. சாலையோரத்தில் வீரர்கள் டீ குடிக்க வரும் ‘சேட் சாக்’ என்ற சிற்றுண்டிக் கடை தீயில் போனது. எரிந்துகொண்டிருந்த எரிபொருள் சாலையைத் தாண்டி ஹோலி டிரினிட்டி பள்ளியில் சின்னக் குழந்தைகள் உட்கார்ந்திருந்த பகுதிக்குள் பாய்ந்தது. மொத்தம் 61 பேர் இறந்தார்கள். 38 பேர் குழந்தைகள், இரண்டு பேர் ஆசிரியைகள், மூன்று பேர் விமானத்தில் இருந்தவர்கள், 18 பேர் சிற்றுண்டிக் கடையில் இருந்தவர்கள். சுற்றுவட்டாரத்தில் ஓர் எதிரி விமானம்கூட இல்லை.

இதைத் தமிழில் எழுத உட்காருபவர் முதலில் சறுக்கும் இடம் "குண்டுவீசப் புறப்பட்ட விமானம்" என்ற சொற்றொடர். பக்கத்திலிருந்த வார்ட்டன் தளம் குண்டுவீச்சுத் தளமே இல்லை. அது அமெரிக்கர்களின் இரண்டாம் எண் விமானக் கிடங்கு. நம் பேச்சில் சொன்னால் ஒரு மாபெரும் ஒர்க்‌ஷாப். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அங்கே இருந்தார்கள். லிபரேட்டர்களையும் மஸ்டாங் போர் விமானங்களையும் பழுது பார்த்து, கருவிகளை மாற்றிப் பொருத்தி, போர்முனைத் தளங்களுக்கு அனுப்புவதுதான் அவர்கள் வேலை. அப்படித் தயாரான விமானத்தைப் படையிடம் ஒப்படைக்கும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்கு நடந்தது அதுதான். இதை "பயிற்சி விமானம்" என்று எழுதினால் அதுவும் பிழை. பயிற்சி என்றால் கற்றுக்கொள்பவர் ஓட்டுவது. இது வேலை முடிந்த வண்டியை மெக்கானிக் கடைத்தெரு வரை ஓட்டிப் பார்ப்பது போன்ற சோதனை ஓட்டம். விமானத்தில் மூன்றே பேர் இருந்ததற்கும் காரணம் அதுவே. போருக்குப் போகும் லிபரேட்டரில் சாதாரணமாக எட்டு முதல் பத்துப் பேர் இருப்பார்கள்.

ஆகவே எந்தத் தளத்தைப் பற்றி எழுதினாலும் அது என்ன வேலை செய்த தளம் என்பதை முதலில் பாருங்கள். பயிற்சித் தளத்து விபத்து ஒரு மாதிரி, பழுதுபார்க்கும் தளத்து விபத்து வேறு மாதிரி. நூற்றுக்கணக்கான விமானங்கள் விடியற்காலை மேகத்துக்குள் ஏறி அணிவகுத்த கிழக்கு இங்கிலாந்துத் தளங்களில், மேலே ஏறும்போதே ஒன்றோடொன்று மோதிக்கொள்வதே பெரிய பயம். அதற்காகவே பழைய குண்டுவீச்சு விமானங்களுக்குப் புள்ளியும் பட்டையுமாகத் திருவிழாப் பந்தல் மாதிரி கண்ணைப் பறிக்கும் வண்ணம் அடித்து, மற்றவை அவற்றைச் சுற்றி அணிசேர வைத்தார்கள்.

அடுத்தது, காரணம். "மின்னல் தாக்கி விமானம் விழுந்தது" என்பது ஃப்ரெக்கிள்டனைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வரி. மின்னல் அடித்தது உண்மை. அந்தக் காலை வானம் கறுத்து, இரவு போல இருட்டி, பேய்மழை கொட்டியது. சாம்பலுக்கு நடுவே உயிர் தப்பிய ஒருவர் மின்னலையும் தீயையும் ஒரே காட்சியாக நினைவில் வைத்திருப்பதில் வியப்பில்லை, அந்த நினைவை யாரும் பொய் என்று சொல்ல வேண்டியதுமில்லை. ஆனால் நினைவு வேறு, காரணம் வேறு. விசாரணை அறிக்கை மின்னலைக் காரணமாகத் தீர்மானிக்கவில்லை. சரியான காரணம் தெரியவில்லை என்றுதான் முடிந்தது.

நடந்த வரிசை இது. இரண்டு லிபரேட்டர்கள் சோதனைக்குக் கிளம்பின. புயல் நெருங்குகிறது என்று எச்சரிக்கை வந்ததும் இரண்டையும் திரும்ப அழைத்தார்கள். இரண்டும் ஓடுபாதையை நெருங்குவதற்குள் மழையும் காற்றும் முந்திக்கொண்டன. ஒரு விமானி வடக்கே விலகிப் பறந்து தப்பினார். மற்றவர் சக்கரங்களை இறக்கி ஓடுபாதைக்குக் கிட்டே வந்துவிட்டார். கடைசி நேரத்தில் தரையிறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றி வர முடிவெடுத்தார். தாழ்வாகவே வந்த விமானத்தின் இறக்கை முனை மரத்தில் உரசியது, பிறகு கட்டடத்தில் மோதியது, இறக்கை பிய்ந்து போனது. மற்றதெல்லாம் சில நொடிகள்.

இங்கேதான் "விமானியின் தவறு" என்ற முத்திரை கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும். அமெரிக்க விமானப்படையின் விபத்துப் படிவங்கள் நிறையப் படித்தவர்களுக்குத் தெரியும்: விமானியின் பிழை நூறு சதவீதம் என்று எழுதிக் கோப்பை மூடிவிடும் வழக்கம் அங்கே உண்டு. இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை. அந்தச் சதவீதத்தை அப்படியே எடுத்து எழுதுவது, குமாஸ்தாவின் கையெழுத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. ஃப்ரெக்கிள்டன் அறிக்கை அந்த வகையில் கொஞ்சம் நேர்மையானது. விமானி ஆபத்தை முழுதாக உணரும்போது நேரம் கடந்திருக்கலாம் என்றது. காற்றின் உலுக்கலில் விமானத்தின் பாகமே முறிந்திருக்கவும் கூடும் என்பதை ஒதுக்கித் தள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைச் சொன்னது: பிரிட்டனில் இடிமழை என்றால் வெறும் தூறல்தான் என்று அமெரிக்க விமானிகள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதன் ஆபத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று. அமெரிக்கச் சமவெளிகளின் பிரம்மாண்டமான இடிமேகங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த அலட்சியம் வந்தது ஒன்றும் புரியாத விஷயமில்லை. ஒரு தனி மனிதரின் கை நடுங்கியதை விட இது பெரிய செய்தி என்பது என் கணிப்பு. ஆனால் தலைப்புக்கு உதவாது என்று விட்டுவிடுகிறார்கள்.

வானிலையை எழுதுபவர்கள் அதை ஒரு பின்னணிப் படம் போலத் தொங்கவிடுவதும் தவறு. அதற்கு நல்ல உதாரணம் 1943 டிசம்பர் 16. பெர்லினில் குண்டுவீசப் போன பிரிட்டனின் லங்காஸ்டர் விமானங்களில் 25 அங்கேயே போயின. மீதி வீடு திரும்பியபோது கிழக்கு இங்கிலாந்து முழுக்க மூடுபனி. தளத்துக்கு மேலே வந்துவிட்டார்கள், தளம் தெரியவில்லை, எண்ணெய் தீர்கிறது. ஏறக்குறைய முப்பது விமானங்கள் நொறுங்கின, அல்லது ஆட்கள் பாராசூட்டில் குதித்து விமானத்தைக் கைவிட்டார்கள். எதிரி அடித்ததை விட மூடுபனி அடித்தது அதிகம். போர்ன் தளத்தின் 97ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) மட்டும் ஏழு விமானங்களை இப்படி இழந்தது. ஓடுபாதையின் இருபுறமும் துளையிட்ட குழாய்களில் பெட்ரோலை எரித்து அந்தச் சூட்டில் பனியை விலக்கும் ‘ஃபைடோ’ என்ற ஏற்பாடு அப்போது மிகச் சில தளங்களில்தான் இருந்தது. போர் முடிவதற்குள் பிரிட்டனில் பதினைந்து தளங்களுக்கு வந்தது. அடிபட்டுத் தள்ளாடி வரும் விமானங்களுக்கென்றே உட்பிரிட்ஜ், மான்ஸ்டன், கார்னபி ஆகிய மூன்று இடங்களில் 3,000 கெஜம் நீளமும் 250 கெஜம் அகலமும் கொண்ட ஓடுபாதைகளைப் போட்டார்கள். இத்தனை செலவு செய்யத் தூண்டியது வீடு திரும்பும் வழியில் நடந்த சாவுகள்.

அந்த இரவைச் சொல்லும்போது தேதியும் காலை வாரிவிடும். விமானங்கள் கிளம்பியது 16ஆம் தேதி மாலை, சில விழுந்தது நள்ளிரவு தாண்டி. ஆவணங்களில் 16/17 என்று சாய்கோடு போட்டிருப்பார்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்து எழுதினால் கல்லறையில் உள்ள தேதியோடு மோதும். பிறகு "ஆவணத்தில் முரண்பாடு" என்று இன்னொருவர் கட்டுரை எழுதுவார்.

சரி, எல்லாமே விபத்துதானா? அதுவும் இல்லை. எதிர்ப்பக்கம் சறுக்குவதும் உண்டு. 1945 மார்ச் 3/4 இரவில் ஜெர்மன் இரவுநேரப் போர் விமானங்கள் வீடு திரும்பிய குண்டுவீச்சு விமானங்களின் பின்னாலேயே இங்கிலாந்துக்கு வந்து, விளக்குப் போட்டுத் தரையிறங்க வந்தவற்றைச் சுட்டன. இருபதுக்கும் மேற்பட்டவை விழுந்தன. அதைத் தளத்துக்குப் பக்கத்தில் நடந்தது என்பதற்காக விபத்துக் கணக்கில் சேர்க்க முடியாது. 1944 ஆகஸ்ட் 12 அன்று இங்கிலாந்தின் ஃபெர்ஸ்ஃபீல்ட் தளத்திலிருந்து வெடிமருந்தை நிரப்பிக்கொண்டு கிளம்பி சஃபோக் வானில் வெடித்துச் சிதறிய விமானத்தை எதில் சேர்ப்பது? அதில் இறந்த இருவரில் ஒருவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் அண்ணன் ஜோசப். ரகசியப் போர்ப்பணிதான், ஆனால் எதிரி தொடவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வகையைப் பெயர் சூட்டி முடிக்காமல், நடந்ததை நடந்தபடி இரண்டு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

ஆவணம் தேடுபவர்களுக்கு ஒன்று. அமெரிக்கப் படையில் காணாமல் போனவர்களுக்கான அறிக்கை வேறு, விபத்து அறிக்கை வேறு. பின்னது 14ஆம் எண் படிவம். இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் விழுந்த விமானத்தை முதல் கோப்பில் தேடினால் கிடைக்காது, கிடைக்கவில்லை என்றதும் "மறைத்துவிட்டார்கள்" என்ற சந்தேகம் முளைக்கும். பிரிட்டிஷ் விமானங்களுக்கு 1180ஆம் எண் விபத்து அட்டை உண்டு, ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எண்ணிக்கையையும் முதல் நாள் செய்தியிலிருந்து எடுக்காதீர்கள். தீக்காயம் பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த நாட்களில் இறப்பார்கள்; முதல் நாள் எண்ணும் கடைசி எண்ணும் ஒன்றாக இராது.

விழுந்த இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு துண்டு அலுமினியத்தைக்கூட எடுத்து வரக்கூடாது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனில் விழுந்த ராணுவ விமானத்தின் எச்சம் எங்கிருந்தாலும் பாதுகாக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் தோண்டினால் குற்றம்.

ஃப்ரெக்கிள்டனில் தோண்டவும் ஒன்றுமில்லை. வார்ட்டன் ஓடுபாதை இன்றும் வேலை செய்கிறது, டைஃபூன் போர் விமானங்களைப் பொருத்திக் கட்டிய இடமும் அதுதான். தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளின் பொதுக்கல்லறை இருக்கிறது. 1945 ஆகஸ்டில் தளத்து அமெரிக்கர்கள் தாங்களே கட்டிக் கொடுத்த ஒரு விளையாட்டுத் திடலும் இருக்கிறது. அதிலுள்ள கல்லில் மின்னலும் இல்லை, விமானியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்தது என்றும், இரு தரப்புக்கும் பொதுவான இழப்பின் நினைவாக என்றும் மட்டுமே பொறித்திருக்கிறார்கள்.