மேக்மீட்டர்: கணக்கு எளிது, எர்த்திங்தான் வம்பு

குழாயில் ஓடும் திரவத்தின் அளவைக் காந்தப்புலத்தால் அளக்கும் கருவிதான் மேக்மீட்டர். அதற்குள் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. குழாய்க்கு மேலும் கீழும் காந்தப்புலம் உண்டாக்கும் காயில். பக்கவாட்டில் எதிரெதிரே, திரவத்தைத் தொட்டபடி இரண்டு எலெக்ட்ரோடு. காந்தப்புலத்தைக் கடந்து மின்கடத்தும் திரவம் ஓடும்போது எலெக்ட்ரோடுகளுக்கு இடையே மின்னழுத்தம் உண்டாகிறது. ஃபாரடே விதியேதான்.

1. கணக்கு

மின்னழுத்தம் = காந்தப்புலம் × விட்டம் × வேகம். 100 மி.மீ. குழாய், 0.01 டெஸ்லா காந்தப்புலம், விநாடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் கிடைப்பது 1 மில்லிவோல்ட். வேகத்தைக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் விநாடிக்கு 7.85 லிட்டர். அந்த ஒரு மில்லிவோல்ட்டை மறக்காதீர்கள். பின்னால் வரும் தொல்லைக்கெல்லாம் அதுதான் காரணம்.

2. திரவம்

கடத்துதிறன் பொதுவாக 5 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ.க்கு மேல் வேண்டும். குழாய்நீர், கழிவுநீர், அமிலம் எல்லாம் சரி. டீசல், எண்ணெய்க்கு வேறு மீட்டர் பாருங்கள்.

3. இடம்

குழாய் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். கீழிருந்து மேலே ஓட்டம் போகும் செங்குத்துக் குழாய்தான் என் முதல் தேர்வு. கிடைமட்டம் என்றால் எலெக்ட்ரோடுகள் பக்கவாட்டிலேயே இருக்கட்டும். மேலே வந்தால் காற்றுக்குமிழி, கீழே வந்தால் வண்டல்.

4. எர்த்திங்

என்னை ரொம்பப் படுத்தியது இதுதான். வால்வு மூடியிருக்கும், பக்கத்து பம்ப் ஓடத் தொடங்கியதும் டிஸ்ப்ளேயில் எண்கள் குதிக்கும். பிளாஸ்டிக் குழாயிலும், உள்ளே ரப்பர் பூசிய இரும்புக் குழாயிலும் திரவத்துக்கும் மீட்டர் உடலுக்கும் மின்தொடர்பு இருக்காது. அப்புறம் அந்த மில்லிவோல்ட்டை எதோடு ஒப்பிட்டு அளப்பது?

மீட்டரின் இருபுறமும் எர்த்திங் ரிங் போடுங்கள். ரிங்கின் உள்விளிம்பு திரவத்தைத் தொட வேண்டும். அங்கிருந்து மீட்டரின் எர்த் முனைக்கு ஒயர். குழாயையும் மீட்டரையும் இணைக்கும் ஃபிளாஞ்ச் போல்ட்டை நம்பாதீர்கள், அடியில் பெயின்ட் இருக்கும். மல்டிமீட்டரில் தொடர்பு பார்த்துவிட்டே அடுத்த வேலை. சிக்னல் கேபிளை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டவும் கூடாது.

5. ஜீரோ

ஓட்டம் இல்லாதபோது மீட்டர் பூஜ்யம் காட்டும்படி சரிசெய்வதுதான் ஜீரோ. குழாய் நிரம்பி, திரவம் அசையாமல் நிற்கும்போது மட்டும் அதைச் செய்யுங்கள். எண்கள் ஆடுகின்றன என்று, ஆட்டத்தை மட்டுப்படுத்திக் காட்டும் டாம்பிங்கைக் கூட்டி மூடிமறைப்பது எனக்குப் பிடிக்காத வழி. முதலில் எர்த்தைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: “தண்ணீர்தானே, ஏன் ஒழுங்காகக் காட்டவில்லை?” என்று கேட்டிருந்தார்கள். அயனி நீக்கிய நீராக இருக்கலாம். மிகத் தூய நீரின் கடத்துதிறன் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 0.055 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ.தான். அதற்கு ஒலியலையால் அளக்கும் அல்ட்ராசானிக் மீட்டர் போடுங்கள்.