விளையாட்டுல ப்ரோ கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி என்னெல்லாம் பாக்கணும்

உங்க வீட்டு பையனோ பொண்ணோ ப்ரோவா, அதாவது விளையாட்டையே சம்பளம் வாங்குற தொழிலா எடுத்து ஆடப் போறாங்க, கான்ட்ராக்ட் கைக்கு வந்துடுச்சு, வீடே அதுல இருக்குற அந்த பெரிய நம்பரயே பாத்துட்டு உக்காந்திருக்குன்னு வைங்க. அந்த நம்பர் மேல ஒரு பேப்பர வெச்சு மறைச்சிட்டு மத்ததெல்லாம் படிங்க, நெஜமாத்தான் சொல்றேன். அமெரிக்கன் ஃபுட்பால்ல ப்ளேயர்ஸ் யூனியன் சொல்ற சராசரி கரியரே சுமார் 3.3 வருஷம் தான். முப்பது வயசுக்குள்ள முடிஞ்சு போற வேலை இது, அதுக்கப்புறம் இருக்குற நாப்பது அம்பது வருஷத்துக்கு இந்த பேப்பர் என்ன தரும்னு தான் நாம பாக்கணும்.

மொதல்ல ஒரு வெள்ளத் தாள எடுத்து மூணு பத்தியா பிரிச்சுக்கோங்க. என்ன நடந்தாலும் வர்ற காசு ஒரு பக்கம், அடிபடாம டீம்ல இருந்தா மட்டும் வர்றது ஒரு பக்கம், கப் அடிச்சா, இத்தன மேட்ச் ஆடுனா வர்ற போனஸ் ஒரு பக்கம். பேப்பர்காரங்க மூணையும் கூட்டித் தான் தலைப்பு போடுவாங்க. அமெரிக்காவுல என்பிஏ (பாஸ்கெட்பால்), பேஸ்பால் மாதிரி லீக்ல பெரும்பாலும் மொத்தமும் கேரன்டி, என்எஃப்எல்ல (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) அப்படி இல்ல, பாதியில கழட்டி விட்டுட்டா மீதி அநேகமா அம்போ தான். கடன் வாங்குறது, வீடு பாக்குறது எல்லாத்தையும் மொதல் பத்திய மட்டும் வெச்சு முடிவு பண்ணுங்க.

அடுத்தது காசு எப்ப வருதுங்கறது, இதுல தான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. பாபி போனியான்னு ஒரு பேஸ்பால் ப்ளேயர், 2000ல நியூயார்க் மெட்ஸ் டீம் அவர அனுப்புறப்போ 59 லட்சம் டாலர் பாக்கி. அத அப்பவே வாங்காம, வருஷம் 8% வட்டி போட்டு 2011லருந்து 2035 வரைக்கும் தவணையா குடுங்கன்னு பேசி முடிச்சாங்க. 11 வருஷத்துல அந்த 59 லட்சம் வட்டி மேல வட்டி ஏறி கிட்டத்தட்ட 1 கோடியே 37 லட்சம் ஆயிடும், அத, மீதிக்கும் அதே வட்டி ஏறிட்டே இருக்குற மாதிரி 25 தவணையா பிரிச்சா வருஷம் 11,93,248 டாலர். ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் அவருக்கு அது வந்துட்டே இருக்கு, மொத்தமா பாத்தா 3 கோடிக்கு கொஞ்சம் கம்மி. மெட்ஸ் ஏமாந்துடுச்சுன்னு வருஷா வருஷம் கிண்டல் பண்றாங்க, ஆனா கணக்கு போட்டு பாத்தா இதுல மாயம் மந்திரம் ஒண்ணும் இல்ல, 8% வட்டி அவ்ளோ தான்.

இதுக்கு நேர் எதிர் பேஸ்பால் ஸ்டார் ஷோஹெய் ஒட்டானி. 2023 டிசம்பர்ல டாட்ஜர்ஸ் டீம் கூட 10 வருஷத்துக்கு 70 கோடி டாலர்னு உலகமே வாயப் பொளந்துச்சு, ஆனா ஆடுற காலத்துல வருஷத்துக்கு 20 லட்சம் தான் கைக்கு வருது, மீதி 68 கோடி 2034லருந்து 2043க்குள்ள, அதுவும் வட்டி இல்லாம. லீக்கே அத இன்னிக்கு மதிப்புல போட்டு பாத்து வருஷத்துக்கு சுமார் 4.6 கோடின்னு தான் கணக்குல எடுத்துக்குது. அவருக்கு விளம்பர வருமானமே கொட்டுது, அதனால காத்திருக்கலாம், டீம்ல வேற ஆளுங்கள வாங்கவும் காசு மிஞ்சும்னு அவரே விரும்பி கேட்டது. நமக்கு அந்த வசதி கிடையாது, அதனால தள்ளிப் போட சொன்னாங்கன்னா எத்தன பர்சன்ட் வட்டின்னு கேளுங்க, டீம் திவாலானா யாரு குடுப்பாங்கன்னும் கேளுங்க. 1998ல பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் ஐஸ் ஹாக்கி டீம் திவாலாச்சு, அப்ப அது யாருக்கு அதிகமா கடன்பட்டிருந்துச்சுன்னு பாத்தா அவங்க சொந்த ஸ்டார் மாரியோ லெமியூ, 3 கோடி டாலருக்கு மேல சம்பள பாக்கி. அவர் அதுல பெரும்பகுதிய பங்கா மாத்தி 1999ல டீமையே எடுத்துக்கிட்டார். லெமியூவா இருந்ததால முடிஞ்சது, பெஞ்ச்ல உக்கார்ற ஆளுக்கு டீம தூக்கி குடுக்க மாட்டாங்க.

ஏஜென்ட் விஷயத்த சுருக்கமா சொல்லிடறேன். சம்பளத்துல கமிஷன் என்எஃப்எல்ல 3%, என்பிஏல 4% தாண்டக் கூடாதுன்னு யூனியன் ரூல் இருக்கு, விளம்பரத்துல அந்த மாதிரி கட்டுப்பாடு இல்லாததால 10லருந்து 20 வரைக்கும் போகும். எனக்கு தெரிஞ்ச ஒரு பையனோட பேப்பர்ல கமிஷன மொத்த மதிப்புக்கு போட்டு வெச்சிருந்தாங்க, அதாவது கைக்கே வராத போனஸுக்கும் சேத்து அவன் கமிஷன் கட்டணும். 'கைக்கு வந்த தொகையில மட்டும்'னு ஒரு வரி சேக்க சொன்னோம், ரெண்டே நிமிஷத்துல மாத்திக் குடுத்துட்டாங்க, கேக்காம இருந்திருந்தா அப்படியே போயிருக்கும். இன்னொண்ணு, ஏஜென்ட், ஆடிட்டர், வக்கீல் மூணும் ஒரே ஆளா இருக்கவே கூடாது, பவர் ஆஃப் அட்டர்னிய (உங்களுக்கு பதிலா கையெழுத்து போடுற அதிகாரம்) யாருக்கும் மொத்தமா எழுதிக் குடுத்துடாதீங்க. என்பிஏ ஸ்டார் டிம் டங்கன் மாதிரி அமைதியா, ஆடம்பரம் இல்லாம இருந்த மனுஷனே நம்புன ஆலோசகர்கிட்ட பல கோடி விட்டார், அந்த ஆலோசகர் 2017ல ஜெயிலுக்கு போனார்.

வரி பத்தி ஒரே ஒரு வரி: எந்த நாட்டுல போய் ஆடுறீங்களோ அந்த நாடும் பங்கு கேக்கும், ஸ்பான்சர் காசுலயும் சேத்து (டென்னிஸ் ப்ளேயர் ஆண்ட்ரே அகாசி இத எதுத்து பிரிட்டன்ல கேஸ் போட்டு 2006ல தோத்துட்டார்).

இப்ப பேரு, லோகோ. டென்னிஸ் ஸ்டார் ரோஜர் ஃபெடரர் 2018ல நைக்க விட்டு யுனிக்லோங்கற துணி கம்பெனிக்கு போனப்போ ஆர்எஃப் லோகோ கூட வரல, அவரோட பேரோட மொதல் எழுத்து தான், ஆனா உரிமை நைக் கையில. 2020ல தான் திரும்ப கெடச்சுது. என்பிஏ ப்ளேயர் கவாய் லெனர்ட் கதை இன்னும் மோசம், தன் கையோட அவுட்லைன வரைஞ்சு அதுக்குள்ள தன் பேரோட எழுத்தையும் ஜெர்சி நம்பரையும் வெச்சு ஒரு ஸ்கெட்ச் போட்டார், அத வெச்சு நைக் ஒரு லோகோ பண்ணி தன் பேர்ல பதிஞ்சுக்கிச்சு, அவர் கேஸ் போட்டு 2020ல தோத்தும் போயிட்டார். அதனால ஷூ கம்பெனி கூட பேச உக்கார்றதுக்கு முன்னாடியே பேரு, செல்லப் பேரு, கொண்டாடுற ஸ்டைல், எதெல்லாம் முடியுமோ அதையெல்லாம் உங்க பேர்ல ட்ரேட்மார்க் பண்ணிடுங்க, ஒப்பந்தத்துல 'முடிஞ்சதும் எல்லா உரிமையும் ப்ளேயருக்கு திரும்பணும்'னு எழுத சொல்லுங்க. விக்கிறதா இருந்தாலும் என்ன விலைன்னு தெரிஞ்சு விக்கணும், குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் 1999ல தன் பேர சமையல் கிரில்ல போட்டுக்குற உரிமைய 13.75 கோடி டாலருக்கு குடுத்தார், குத்துச்சண்டையில சம்பாதிச்சதெல்லாம் இதுக்கு முன்னாடி சும்மா.

விளம்பர காச ரொக்கமா வாங்கணுமா, கம்பெனி பங்கா வாங்கணுமாங்கற கேள்விக்கு எல்லாரும் பாஸ்கெட்பால் ஸ்டார் மேஜிக் ஜான்சன் கதைய சொல்லுவாங்க, 1979ல நைக் பங்கு தர்றேன்னு சொல்லியும் கான்வர்ஸ் ஷூ கம்பெனி குடுத்த ரொக்கத்துக்கு போயிட்டார். ஃபுட்பால் ஸ்டார் டேவிட் பெக்கம் 2007ல அமெரிக்கா போய் ஆடுனப்போ பின்னாடி ஒரு டீம 2.5 கோடி டாலருக்கு வாங்குற உரிமைய கான்ட்ராக்ட்லயே எழுதி வாங்கி வெச்சிருந்தார், அது தான் இன்னிக்கு இன்டர் மயாமி. கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா பங்கு வாங்கி ஒண்ணும் இல்லாம போனவங்கள பத்தி யாரும் எழுத மாட்டாங்க. குறைஞ்சது அஞ்சு வருஷ குடும்ப செலவ பேங்க்ல போட்டு வெச்சதுக்கப்புறம் பங்க பத்தி பேசுங்கங்கறது என் கருத்து, அப்ப கூட பங்குன்னு வாயால சொல்லாம எத்தன பர்சன்ட், எப்ப விக்கலாம்னு பேப்பர்ல வரணும்.

கடைசியா உயில். இருபத்தி ரெண்டு வயசு பையன்கிட்ட உயில்னு சொன்னா வீட்டுல பெரியவங்க வாயக் கழுவுன்னு திட்டுவாங்க, திட்டட்டும். என்எஃப்எல் ப்ளேயர் ஸ்டீவ் மெக்நேர் 2009ல 36 வயசுல இறந்தப்போ உயிலே எழுதல, சொத்து கோர்ட்டுக்கு போயிடுச்சு. எழுதுறப்போ வீடு, பேங்க் அக்கவுன்ட்டோட நிறுத்திடாதீங்க, பேரு, போட்டோ, லோகோ, பழைய மேட்ச் ஜெர்சி இதையெல்லாம் யாரு பயன்படுத்தலாம், யாரு வேணாம்னு சொல்லலாம்னு தனித்தனி வரியா எழுத சொல்லுங்க, ஏன்னா வக்கீல்களே இத கேக்காம விட்டுடுவாங்க.