பழைய ஜீப்பின் அடியில் ‘டொக்’ சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று கண்டறியும் முறை

கிளட்சை விடும்போதோ, ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்த காலை மறுபடி வைக்கும்போதோ வண்டியின் அடியில் ‘டொக்’ என்று கேட்டால், பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருக்கும் பலர் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவிலிருந்து இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) போய்விட்டது என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறு. எஞ்சினின் விசை பல இணைப்புகளைக் கடந்துதான் சக்கரத்தை அடைகிறது. ஒவ்வோர் இணைப்பிலும் சிறிது ஆட்டம் இருக்கவே செய்யும். விசையின் திசை மாறும் கணத்தில் அத்தனை ஆட்டமும் ஒருசேர இறுகுவதைத்தான் நாம் சத்தமாகக் கேட்கிறோம். அவற்றுள் எது அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது என்பதைச் செலவு குறைந்த இடத்திலிருந்து தேடத் தொடங்க வேண்டும்.

முதலில் சத்தம் வரும் நேரத்தைக் கவனியுங்கள். முன்னோக்கிய கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ஒரே ஒரு முறை அடித்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (விசையை அச்சுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு) முனையிலுள்ள ஜாயின்ட் கிராஸ் (சிலுவை வடிவ இணைப்பு), அந்த ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் (அதன் இரு பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல்வரி), டிஃபரன்ஷியல் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம். பிரேக் அடிக்கும்போதும் கேட்டால் பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டையும், ஸ்பிரிங்கின் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ்ஷையும் பாருங்கள். ஓட்டத்தில் சீராகத் தட்டிக்கொண்டே வந்தால் அதன் வேகத்தை எண்ணிப் பார்ப்பது நல்லது. இந்த வண்டிகளில் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஏறத்தாழ ஐந்து சுற்று சுற்றிவிடுவதால், சக்கரத்தோடு சேர்ந்த தட்டலையும் ஷாஃப்ட்டோடு சேர்ந்த தட்டலையும் காதாலேயே பிரித்துவிடலாம்.

அடியில் படுப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பழைய சி.ஜே. வகை ஜீப்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸின் விசையை முன், பின் அச்சுகளுக்கு அனுப்பும் பெட்டி) பின்னால் ஷாஃப்ட் தொடங்கும் இடத்திலுள்ள டிரம்மைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், அந்தச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற, தரையிலுள்ள மற்றது உருண்டு வண்டி நகர்ந்துவிடக்கூடும். எனவே சமதளத்தில் நான்கு சக்கரங்களையும் தரையிலேயே விட்டு, முன்னும் பின்னும் கட்டை வைத்துச் சோதியுங்கள்.

கியரை நியூட்ரலில், டிரான்ஸ்ஃபர் கேஸை டூ வீலில் (பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் நிலை) வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஒரு கையால் ஷாஃப்ட்டையும் மறு கையால் அதை ஒட்டிய யோக்கையும் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை) பிடித்து எதிரெதிராகத் திருப்புங்கள். நல்ல கிராஸில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டமே இருக்கக் கூடாது. பேரிங் கப்பைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் காய்ந்து ஊசி பேரிங் அரைபட்டுவிட்டது என்று பொருள். அதற்கு மேல் சோதனை தேவையில்லை, கிராஸை மாற்றிவிடலாம். ஸ்ப்லைன் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட்டின் இரு பாதிகளும் ஒன்றையொன்று மீறித் திரும்பும். நின்ற வண்டி புறப்பட்டதும் ஒருமுறை மட்டும் அடித்து, கிரீஸ் அடித்தபின் சில நாள்கள் அடங்கி, மறுபடி வந்தால் ஸ்ப்லைனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி டிஃபரன்ஷியல். ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடிட்டு, ஆட்டத்தின் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை கையால் திருப்புங்கள். சக்கரங்கள் அசையாத நிலையில், இந்த ஆட்டம் முழுவதும் பினியனிலிருந்து (ஷாஃப்ட்டின் விசையை டிஃபரன்ஷியலுக்குள் வாங்கும் சிறு பல்சக்கரம்) சக்கரம் வரை உள்ளது. இங்கே பத்து டிகிரி என்றால் சக்கரத்தில் இரண்டு டிகிரிதான் என்பதால், ஷாஃப்ட் ஓரளவு திரும்புவதைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் பினியன் யோக் மேலும் கீழுமாகவோ உள்ளும் வெளியுமாகவோ அசைந்தால் பேரிங் போயிருக்கிறது, அல்லது நட் தளர்ந்திருக்கிறது. அந்த நட்டை ‘இன்னும் கொஞ்சம்’ என்று இறுக்கிப் பார்ப்பது மெக்கானிக்குகளிடையே பரவலான பழக்கம். பேரிங்கின் அழுத்தம் அதனால் கெட்டுவிடும் என்பதால் அதை நான் ஏற்பதில்லை. ஆயிலை வடித்துப் பாருங்கள்: சாம்பல் நிறப் பசை இயல்பானது, உலோகச் செதில்கள் இயல்பானவை அல்ல.

எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர்களைப் பார்க்க, பானெட்டைத் திறந்துவைத்து வேறொருவரை மெதுவாகக் கிளட்சை விடச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று கவனித்தால் போதும்.

இன்னும் தெளிவில்லை என்றால் முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு டூ வீலில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் குறை முன்பக்கம். பின் ஷாஃப்ட்டையும் இவ்வாறே கழற்றி, ஃபோர் வீலில் போட்டு முன்சக்கர இழுவையில் ஓட்டலாம். அப்போது டூ வீலுக்கு மாற்றினால் டிரம் எந்தச் சக்கரத்தோடும் தொடர்பில்லாமல் போய், ஹேண்ட் பிரேக் அறவே பிடிக்காது.

ஃபோர் வீலில் திரும்பும்போது மட்டும் இறுகி அடிப்பது பழுதே அல்ல. இந்த ஜீப்களில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன், பின் அச்சுகள் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருப்பதால் இடையிலுள்ள ஷாஃப்ட்களில் முறுக்கு ஏறுகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையில் டயர் வழுக்கி அந்த முறுக்கு தானே விடுபடும். காய்ந்த தார்ச்சாலையில் விடுபடாது. அங்கே ஃபோர் வீலில் ஓட்டுவதுதான் தவறு.

ஷாஃப்ட்டின் இரு பாதிகளையும் பிரித்தால் சேர்ப்பதற்கு முன் அம்புக்குறிகளை நேர்ப்படுத்துங்கள். குறி இல்லையெனில் பிரிக்கும் முன்பே நீங்களே இட்டுக்கொள்ளுங்கள். இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் அமையாவிட்டால், ‘டொக்’ போன இடத்தில் அதிர்வு வந்து சேரும்.