இலவச ட்ரையலுக்கு கார்டு நம்பர் எதற்கு?

"முதல் மாதம் இலவசம், டெலிவரி கட்டணம் மட்டும்" என்று சொல்லி கார்டு நம்பரைக் கேட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். அந்தச் சில்லறைத் தொகை ஒரு சாக்குதான். அவர்களுக்கு வேண்டியது கார்டு விவரம். பட்டனுக்குக் கீழே சாம்பல் நிறப் பொடி எழுத்தில், ட்ரையல் முடிந்ததும் மாதாமாதம் முழுப் பணம் எடுப்போம் என்று இருக்கும். ஏற்கெனவே டிக் போட்ட கட்டம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

சேர்ந்தே ஆகவேண்டுமா? சரி, ரத்து செய்யும் வழி எங்கே என்று முதலில் தேடுங்கள். போன் செய்துதான் ரத்து செய்ய முடியும் என்றால், என்னைக் கேட்டால் வேண்டவே வேண்டாம். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ஆப் ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கேயே சந்தாக்கள் பகுதியில் ரத்து செய்ய வேண்டும். உறுதி செய்து வரும் மெயிலைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறமும் பணம் போனால், உடனே வங்கியில் புகார் கொடுத்து கார்டை முடக்கச் சொல்லுங்கள்.